லெபோ பசார் செக்கு எண்ணெய்க் கடை: வயிற்றுக் கோட்டுக்கு வாங்கலாமா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசாரில், புடவைக் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் நடுவே ஒரு செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் வாசல் நிறைந்துவிடும். என் இரண்டாவது மகன் வயிற்றில் இருந்தபோது, நான்காம் மாதத்திலிருந்து பிரசவம் வரை அந்தக் கடை நல்லெண்ணெயைத்தான் வயிற்றில் தேய்த்தேன். கர்ப்பிணிகள் அங்கே வாங்கலாமா என்று தொழிற்சாலையில் பலர் என்னைக் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். தோல் வறண்டு இழுத்துப் பிடிப்பதற்கும் அரிப்புக்கும் அந்த எண்ணெய் கைகண்ட மருந்து. வயிறு விரியும்போது தோலில் கோடு விழாமல் அது காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். கடைக்காரரும் அப்படிச் சொல்லவில்லை. கர்ப்பிணி என்று தெரிந்தாலே எதையாவது தலையில் கட்டிவிடும் இந்தக் காலத்தில், அப்படிச் சொல்லாத கடையைப் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. உள்ளே வாய்க்குழாய் வைத்த எவர்சில்வர் பீப்பாய்கள் வரிசையாக நிற்கின்றன: நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய். ஆட்டுவது இங்கே இல்லை. செக்கு பட்டர்வொர்த் பக்கத்தில் ஒரு பட்டறையில் ஓடுகிறது, இங்கே விற்பனை மட்டும். கேட்ட பிறகுதான் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் பித்தளைப் புனல் வைத்து ஊற்றுகிறார்கள். ஊற்றிய தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டுகிறார்கள். நல்லெண்ணெயின் நிறம் கறுப்புத் தேநீர் போல அடர்த்தியாக இருக்கிறது. குப்பியின் அடியில் மெல்லிய வண்டல் தங்குகிறது. பேரங்காடியில் கிடைக்கும் பளபளப்பான மஞ்சள் எண்ணெயைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த வண்டலைக் கண்டு தயங்க வேண்டாம். இரண்டு நாள் அசையாமல் வைத்து மேலாக இறுத்துக்கொண்டால் போதும்.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் போனபோது என் வயிற்றைப் பார்த்துவிட்டு, குப்பியை எடுப்பதற்கு முன்னால் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு எண்ணெயைத் தடவிவிட்டார்.

“கோயிலுக்குப் போகிறீர்களா? போய்விட்டு வாருங்கள். அந்த இடம் சிவந்தாலோ அரித்தாலோ வாங்காதீர்கள். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.”

விற்பதற்கு முன் இப்படிச் சொல்லும் கடை எத்தனை இருக்கிறது? திரும்பி வந்ததும் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“இதைத் தேய்த்தால் கோடு வராதா அக்கா?”

“உங்கள் அம்மாவுக்கு இருக்கிறதா?”

“இருக்கிறது. இரண்டு பக்கமும்.”

“அப்படியென்றால் நான் என்ன சொல்ல? எண்ணெய் தோலை மெதுவாக்கும். வயிறு வளர்வதை எண்ணெய் நிறுத்துமா?”

கர்ப்பிணிகளுக்கென்று தனித் தைலம் காய்ச்சி விற்கிறீர்களா என்றும் கேட்டேன். முகத்துக்கோ உடம்புக்கோ பூசுவது என்று எழுதி விற்றால் அதை அரசாங்கத்தில் பதிய வேண்டும், நாங்கள் விற்பது சமையல் எண்ணெய், தேய்ப்பதும் தாளிப்பதும் உங்கள் விருப்பம் என்றார். அந்த ஒரு பதிலிலேயே அந்தக் கடை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அக்கா அம்மாவைப் பற்றிக் கேட்டதில் ஆழமான விஷயம் இருக்கிறது. யாருக்குக் கோடு விழும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பரம்பரைதான். அம்மாவுக்கோ அக்காளுக்கோ இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். இளம் வயதில் கருத்தரிப்பவர்களுக்கும், கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடுதலாக இருப்பவர்களுக்கும், குறுகிய காலத்தில் எடை ஏறுபவர்களுக்கும், பெரிய குழந்தையைச் சுமப்பவர்களுக்கும் அதிகமாக வருகிறது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, கர்ப்பிணிகளில் 50 முதல் 90 விழுக்காட்டினருக்கு வரும் என்பது. அதாவது வருவதுதான் சகஜம். ஆறாம், ஏழாம் மாதத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டும்; வயிற்றில் மட்டும் இல்லை, மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் வரும்.

கோடு தோலின் மேற்பரப்பில் விழுவதில்லை. நடுத்தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்னும் இழைகள் இருக்கின்றன. தோலுக்கு உறுதியும் இழுபடும் தன்மையும் தருபவை அவைதான். கர்ப்பத்தில் ஹார்மோன்கள் மாறும்போது அந்த இழைகளின் பிடிப்பு தளர்கிறது. அதே நேரத்தில் வயிறும் விரிகிறது. இறுக்கமான ரவிக்கையில் மேல்துணி அப்படியே இருக்க, உள்ளே தையல் விட்டுப்போகுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. எண்ணெய் என்ன விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் மேல்துணியில்தான் தங்கும். தண்ணீர் ஆவியாகாமல் தடுக்கும், சொரசொரப்பைப் போக்கும். உள்தையலை அது எட்டுவதில்லை.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2012-இல் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டது. 6 ஆய்வுகள், 800 பெண்கள். மேலே பூசும் எந்தப் பொருளும் கோடு வராமல் தடுக்கிறது என்பதற்குத் தரமான ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. கொக்கோ வெண்ணெய் பற்றி லெபனானில் 175 பெண்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், பூசியவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், கொக்கோ இல்லாத வெறும் களிம்பைப் பூசியவர்களில் 49 விழுக்காட்டினருக்கும் கோடு வந்தது. இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது.

ஒன்றே ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. துருக்கியில் முதல் பிரசவத்தை எதிர்பார்த்திருந்த பெண்களை வைத்து 2012-இல் வந்த ஆய்வு அது. கசப்பு பாதாம் எண்ணெயை 15 நிமிடம் கையால் நீவித் தேய்த்தவர்களில் 20 விழுக்காட்டினருக்குத்தான் கோடு வந்தது. அதே எண்ணெயைத் தேய்க்காமல் வெறுமனே பூசியவர்களுக்கு 39 விழுக்காடு. ஒன்றும் செய்யாதவர்களுக்கு 41. சிறிய ஆய்வு, இதை வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். எண்ணெய் மட்டும் இருந்து கை இல்லாதபோது பலன் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஏதாவது உதவுகிறது என்றால் அது நீவும் கையாகத்தான் இருக்க வேண்டும், குப்பிக்குள் இருப்பது அல்ல. லிட்டில் இந்தியாவில் விற்கும் பாதாம் எண்ணெய் பெரும்பாலும் இனிப்பு பாதாமில் எடுத்தது, அந்த ஆய்வில் வந்தது வேறு, என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதைத் தேடி அலைய வேண்டாம்.

இதைப் படித்த பிறகுதான் விலை உயர்ந்த குப்பிகளைத் தேடுவதை விட்டுவிட்டு, நாள்தோறும் தயங்காமல் எடுத்துத் தேய்க்கக்கூடிய எண்ணெய் எது என்று பார்த்தேன். நான் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். குளிரூட்டிய அறை, தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு. ஷிப்ட் முடியும் நேரத்தில் வயிற்றுத் தோல் காகிதம் போலக் காய்ந்திருக்கும். உடுப்புக்கு மேலாகச் சொறியவும் முடியாது. வீட்டுக்கு வந்ததும் இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்குவேன், புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பேன். பிறகு உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையும் சேர்த்து உரசி, இடுப்பின் இரு பக்கமிருந்தும் தொப்புளை நோக்கி மெதுவாக மேல்வாக்கில் நீவுவேன். அழுத்தக் கூடாது. விரல் நுனியால் பிசையக் கூடாது. உள்ளங்கை மட்டும். தொடையின் வெளிப்பக்கமும் மார்பின் பக்கவாட்டும் அதே போல. முதுகுக்கும் பின்னிடுப்புக்கும் என் கணவரின் கை. அரை மணி நேரம் ஊறவிட்டு, வெந்நீரில் குளித்தால் அன்றைய இரவு அரிப்பு இல்லாமல் தூங்கலாம். அந்தத் தூக்கத்துக்காகவே இந்த எண்ணெய்க்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இரத்தப்போக்கு இருந்தவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், மாதம் முடியும் முன்பே வலி கண்டவர்கள் வயிற்றில் கை வைக்கும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். முதல் மூன்று மாதம் தேய்க்க வேண்டாம் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். வயிறு விரியத் தொடங்காத காலத்தில் தேய்த்து ஆகப்போவதும் ஒன்றும் இல்லை. எள்ளைத் தின்னாதே, எண்ணெயைத் தேய்த்துக்கொள் என்பார் என் மாமியார். அவரும் நானும் தகராறு இல்லாமல் ஒத்துப்போன விஷயங்களில் இது ஒன்று.

ஒத்துப்போகாத விஷயம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சொறிந்தால் கோடு விழும் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே பெண்களைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள். சீமந்தத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் என் புடவை விலகிய இடத்தைப் பார்த்துவிட்டு, ஒழுங்காக எண்ணெய் தேய்க்கவில்லையா அம்மா என்று கேட்டார். சொறிவதால் கோடு வருவதில்லை. விரிகிற தோல் அரிக்கும். அரிக்கிற இடத்தில் கை போகும். அதே இடத்தில்தான் பின்னால் கோடும் தெரியும். முன்னும் பின்னும் வருவதை வைத்துக் காரணம் கட்டிவிட்டார்கள். நகத்தால் சொறிந்தால் தோல் புண்ணாகும், அதற்காகச் சொறியாமல் இருப்பது நல்லது, அவ்வளவுதான். ஒரு பெண்ணுக்குக் கோடு வந்தால் அவள் சோம்பேறி என்றோ, பணம் செலவழிக்கவில்லை என்றோ, மாமியார் சொல் கேட்கவில்லை என்றோ பேசுவது அநியாயம். குழந்தையைச் சுமந்த உடம்பைப் பார்த்து அப்படிக் கேட்பதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

இந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. என் தங்கை ஐந்தாம் மாதத்தில் கைப்பேசி வழியாக ஒரு கிரீம் வாங்கினாள். மூன்று டப்பா கொண்ட தொகுப்பு, விலை நூற்றெண்பது ரிங்கிட். இரண்டே வாரத்தில் கோடு மறையும், தோல் வெளுக்கும் என்று வாக்கு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை, அறிவிப்பு எண் இல்லை. மலேசியாவில் விற்கும் எந்த அழகுப் பொருளும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.-விடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்ட பொருளுக்கு NOT என்று தொடங்கி, எண்கள் வந்து, K என்ற எழுத்தில் முடியும் எண் கிடைக்கும். அந்த எண்ணை அவர்களுடைய இணையத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். நாங்கள் தேடினோம், அந்தப் பெயரில் எதுவுமே இல்லை. தங்கை அந்த மூன்று டப்பாவையும் குப்பையில் போட்டாள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்.பி.ஆர்.ஏ. அவ்வப்போது ரத்து செய்து அறிவிக்கும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் ஆகியவை கண்டுபிடிக்கப்படுகின்றன. பாதரசம் கர்ப்பிணிக்கும் கருவுக்கும் நஞ்சு. ட்ரெட்டினோயின் கர்ப்ப காலத்தில் தொடவே கூடாதது. பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு வகை. மருத்துவர் சொல்லாமல் நீண்ட நாள் பூசினால் தோலை மெலிய வைத்து, எந்தக் கோட்டுக்குப் பயந்து வாங்கினோமோ அதே கோட்டை அதுவே உண்டாக்கும். நூற்றெண்பது ரிங்கிட் கொடுத்து இதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா?

மருந்துக் கடையில் முறையாகக் கிடைப்பவற்றில் பயோ ஆயில் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1987-இல் வந்த எண்ணெய். இரண்டாம் மும்மாதத் தொடக்கத்திலிருந்து நாளுக்கு இரண்டு முறை பூசச் சொல்கிறார்கள். பட்டியலில் முதலில் வருவது கனிம எண்ணெய். அதோடு சூரியகாந்தி எண்ணெய், வைட்டமின் ஈ, லாவெண்டர், ரோஸ்மேரி, சாமந்தி வகைச் சாறுகள், வாசனை. ரெட்டினைல் பால்மிட்டேட் என்ற வைட்டமின் ஏ வகையும் இருக்கிறது. வைட்டமின் ஏ சேர்ந்த எதையும் கர்ப்பத்தில் பூசும் முன் மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ கேட்டுவிடுவது என் பழக்கம், நீங்களும் கேளுங்கள். எனக்குப் பரிசாக வந்த குப்பியைக் காலை ஷிப்ட் நாட்களில் மட்டும் பயன்படுத்தினேன். பிசுபிசுப்பு இல்லை, சட்டென்று உள்ளே போய்விடுகிறது, உடுப்பில் கறை இல்லை. பயன்படுத்த இதமான எண்ணெய் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் ஒரு சிறு குப்பியின் விலையில் லெபோ பசாரில் இரண்டு பெரிய குப்பி நல்லெண்ணெய் வாங்கலாம், இரவெல்லாம் ஈரம் காப்பதில் நல்லெண்ணெய் ஒரு படி மேல் என்பது என் தோலின் தீர்ப்பு.

வல்லாரையைப் பற்றியும் கேட்கிறார்கள். மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமாக, அதாவது பச்சையாக, சாப்பிடும் அதே கீரைதான். அதன் சாற்றோடு வைட்டமின் ஈ உள்ளிட்டவை சேர்த்த ஒரு கிரீம் கோடுகளைக் குறைத்ததாக 1991-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. அதனால்தான் இன்று பல கிரீம்களில் வல்லாரைப் படம் இருக்கிறது. ஒரு சின்ன ஆய்வு, அதிலும் பல பொருள் கலந்த கிரீம், எனவே இதை மட்டும் நம்பிப் பணம் கொட்ட வேண்டியதில்லை. ஜெலுத்தோங் சந்தையில் கட்டு கட்டாகக் கிடைக்கிறது. நான் துவையலாக, அதுவும் எப்போதாவது, சாப்பிட்டதோடு சரி.

கையில் இருக்கும் ஒரே உருப்படியான வழி எடை. அதையும் சீராகப் பார்க்க வேண்டும், பட்டினி கிடந்து அல்ல. கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்தவர்கள் மொத்தத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம், எடை கூடுதலாக இருந்தவர்கள் 7 முதல் 11.5 கிலோ வரை என்பது 2009-இல் அமெரிக்காவில் வகுத்த அளவு. மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றுவது அதைத்தான். சுகாதார கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் தாதி எடை பார்த்து இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதுகிறார் அல்லவா, அந்தப் பக்கத்தை நாமும் படிக்க வேண்டும். ஒரு மாதத்தில் திடீரென்று ஏறியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். இந்த ஊரில் நாசி கண்டார் சோறும் தே தாரேக் என்னும் இனிப்புப் பால் தேநீரும் எந்த மூலையிலும் கிடைக்கும். கர்ப்பிணிக்கு ஆசை வந்தால் தடுக்கிற ஆள் இருக்க மாட்டார். எனக்கு ஆறாம் மாதத்தில் குடிக்கக் கொடுத்த இனிப்பு நீர்ச் சோதனையில் சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது. அதன் பிறகு தே தாரேக்கை விட்டேன், சோற்றைக் குறைத்தேன், இரவு உணவுக்குப் பின் எங்கள் குடியிருப்பைச் சுற்றி நடந்தேன். எடை சீரானது. இது குழந்தைக்காகச் செய்தது; தோலுக்கும் நல்லது என்றால் கூடுதல் இலாபம்.

எல்லா அரிப்பும் எண்ணெய்க்கு அடங்கும் அரிப்பு அல்ல. இதைக் கவனமாகப் படியுங்கள். கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும், தடிப்பு எதுவும் இல்லாமல், இரவில் தூங்கவிடாமல் அரித்தால் அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். குழந்தைக்கு ஆபத்து உண்டு. சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போவதும் கண் மஞ்சளாவதும் சேர்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. இன்னொன்று, கோடுகளின் மீதே சிவந்த கொப்புளம் போன்ற தடிப்புகள் கிளம்பிப் பரவும் அரிப்பு. அது தாயைப் படுத்தும், குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. எது எது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்ட முடியாது. எங்கள் பிரிவில் ஒரு பெண் எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று உள்ளங்கை அரிப்போடு இரண்டு வாரம் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். மேற்பார்வையாளரான அக்கா ஒருவர்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் கிளினிக்கில் விட்டார். சரியான நேரத்தில் போனதால் தாயும் பிள்ளையும் நலம்.

எனக்குக் கோடு வந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். மூத்தவனைச் சுமந்தபோது தொப்புளுக்குக் கீழே இரண்டு பக்கமும் வந்தது. அப்போது கருஞ்சிவப்பாக இருந்தவை இப்போது வெளுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் மினுங்குகின்றன. இளையவனுக்கு இடுப்பின் வலப்பக்கம் சில புதியவை வந்தன, வயிற்றில் புதிதாக இல்லை. இதற்கு எண்ணெயைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது. இரண்டாவது கர்ப்பத்தில் என் எடை குறைவாகத்தான் ஏறியது. மகனும் எடையில் அண்ணனைவிடச் சிறியவன்.

வந்துவிட்ட கோட்டுக்கு என்ன செய்வது என்றால், முதலில் காத்திருப்பது. பெரும்பாலானவை ஓராண்டுக்குள் தாமாகவே நிறம் மங்கிவிடும். முழுவதும் மறைவதில்லை. பால் கொடுப்பதை நிறுத்திய பிறகு தோல் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ட்ரெட்டினோயின் களிம்பு சிவந்திருக்கும் புதிய கோடுகளில் ஓரளவு வேலை செய்கிறது; வெளுத்துப்போனவற்றுக்கு லேசர் சிகிச்சை இருக்கிறது. நம் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் லேசருக்குப் பின் கருந்திட்டு விழும் ஆபத்து அதிகம் என்பதால், அழகு நிலையத்தில் அல்ல, தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பிரசவத்துக்குப் பின் கட்டும் பெங்கோங் துணிக்கட்டு வயிற்றுக்கும் இடுப்புக்கும் நல்ல தாங்கல். கோட்டை அது அழிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடையில் குறைகளும் உண்டு. குப்பி மூடி சரியாக இறுகுவதில்லை. பையில் படுக்கவைத்தால் கசிகிறது, பிளாஸ்டிக் உறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் ஒரு படி உயரம் கூடுதல், நிறைமாத வயிற்றோடு ஏறும்போது கைப்பிடி எதுவும் இல்லை. இதை அக்காவிடம் சொன்னேன், செய்துவிடலாம் என்றார், மூன்றாம் முறை போனபோதும் செய்திருக்கவில்லை. நல்லெண்ணெய் வாசனையும் மஞ்சள் கறையும் படுக்கை விரிப்பில் தங்கும்; பழைய கைலியை விரித்துக்கொண்டு தேய்ப்பது நல்லது. அந்த வாசனை குமட்டுகிறவர்கள் தேங்காய் எண்ணெய் வாங்குங்கள், தோலுக்கு அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. முதல் முறை சிறு குப்பியே போதும். செக்கு எண்ணெய் திறந்து வெகுநாள் இருந்தால் காறல் அடிக்கும், காறிய எண்ணெயைத் தோலில் போடாதீர்கள்.

அரை லிட்டர் நல்லெண்ணெய்க்கு நான் கடைசியாகக் கொடுத்தது பதினெட்டு ரிங்கிட், தேங்காய் எண்ணெய்க்குப் பன்னிரண்டு. காலிக் குப்பியைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு ரிங்கிட் கழிக்கிறார்கள். ரொக்கமும் கியூஆர் கட்டணமும் ஏற்கிறார்கள், வங்கி அட்டை இல்லை. காரில் வந்தால் அந்தத் தெருவில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கொம்தார் வரை பஸ்ஸில் வந்து நடப்பதோ, யாரையாவது வாசலில் இறக்கிவிடச் சொல்வதோ எளிது. தைப்பூச வாரத்தில் தங்க ரதமும் வெள்ளி ரதமும் புறப்படும் தெருக்கள் இவை என்பதால் நெரிசல் தாங்காது, அந்த வாரத்தில் கர்ப்பிணிகள் போக வேண்டாம், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கடையை மூடிவிடுகிறார்கள்.